அச்சுத்தாளும் அளவுகோலும்

ஒரு தாளின் எடை எவ்வளவு இருக்கும்? கடையில் 'ஏ4' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தத் தாள் சாதாரண ரகமானால் ஏறத்தாழ ஐந்து கிராம். ஐந்து கிராம் தாளில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு அறுபது சோப்புகளும் அறுபது பெட்டிகளும் சேர்ந்து எங்கள் எண்ணத்தை மாற்றிவிட்டன. அந்தக் கதையையும், அதையொட்டி நாங்கள் தேடித் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

கிறிஸ்துமஸை ஒட்டி முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சென்று பரிசுகள் கொடுப்பதென முடிவாயிற்று. சோப்பு, சீப்பு, ஒரு துவாலை; இவ்வளவுதான் எங்களால் இயன்றது. சோப்பை வெறுமனே கொடுக்காமல், நாங்களே அட்டைப் பெட்டி செய்து அதில் வைத்துக் கொடுக்கலாம் என்று கைத்தொழில் வகுப்பில் பேசிக்கொண்டோம். பெட்டி செய்வதற்கென்றே கோடு போட்ட தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கைத்தொழில் ஆசிரியர்கள் வகுப்புக்கென வரைந்து வைப்பவை அவை. அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒட்டினால் பெட்டி தயார்! அப்படி ஒரு தாளைத் தேர்ந்தெடுத்தோம். உள்ளளவு 92 மி.மீ. நீளம், 62 மி.மீ. அகலம், 31 மி.மீ. உயரம் என்று தாளின் மேலேயே போட்டிருந்தது. எங்கள் சோப்பை அளந்தோம். 90, 60, 30. நமக்காகவே வரைந்ததுபோல் இருக்கிறதே என்று மகிழ்ந்து, அட்டையில் அச்சடித்து வாங்கி, இரண்டு நாட்கள் உட்கார்ந்து அறுபது பெட்டிகளை முடித்தோம்.

மூன்றாம் நாள் முதல் சோப்பை எடுத்து வைத்தால், அது உள்ளே போகவில்லை. அடுத்த பெட்டியிலும் போகவில்லை. "சோப்பு ஊறிப் பெருத்துவிட்டது" என்றாள் ஒருத்தி. "உனக்கு ஒட்டத் தெரியவில்லை" என்றாள் இன்னொருத்தி. சண்டை முற்றுவதற்குள் சிஸ்டர் வந்தார்கள். "ஒருவரையொருவர் குறை சொல்வதற்கு முன்னால் ஸ்கேலை எடுங்கள்" என்றார்கள். அளந்தோம். 92 இருக்க வேண்டிய இடத்தில் 89 இருந்தது. அடுத்ததிலும் 89. எடுத்த பெட்டி எல்லாம் 89!

இங்கேதான் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நல்ல கேள்வி கேட்டாள். "சிஸ்டர், எங்கள் கை தவறியிருந்தால் ஒன்று 88 வரும், ஒன்று 91 வரும். எல்லாம் ஒரே மாதிரி எப்படித் தவறும்?" ஆம், பத்துப் பேர் கை ஒரே அளவாகத் தவறாது. தவறு எங்கள் கையில் இல்லை, தாளிலேயே இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு பகல் ஆயிற்று. அந்தத் தாள் அமெரிக்காவில் புழங்கும் 'லெட்டர்' என்ற அளவுத் தாளுக்காக வரையப்பட்டது. அதன் அகலம் 216 மி.மீ., நீளம் 279 மி.மீ. நம் ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ., நீளம் 297 மி.மீ. நம்முடையது நீளத்தில் கூடுதல், அகலத்தில் ஆறு மி.மீ. குறைவு. அச்சிடும்போது கணிப்பொறியில் 'தாளுக்குள் அடக்கு' என்னும் கட்டளை இருந்திருக்கிறது. யாரையும் கேளாமல், யாருக்கும் சொல்லாமல், அது படம் முழுவதையும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழாகச் சுருக்கிவிட்டது. 92-ஐ அப்படிச் சுருக்கிப் பாருங்கள், 89 மி.மீ. வந்துவிடும். தாளின் மேல் போட்டிருந்த எழுத்து மட்டும் மாறாமல் 92 என்றே நின்றது. அதை நம்பி நாங்கள் அளக்காமல் விட்டது எங்கள் குற்றம்.

நூற்றுக்கு மூன்றுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பெட்டியில் நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகின்றன. கொள்ளளவில் நூற்றுக்கு ஒன்பது பங்கு போய்விடுகிறது. தையல் டீச்சரிடம் இதைச் சொன்னபோது, அவர்கள் தம் வழியில் கணக்குப் போட்டார்கள். "முப்பத்தாறு அங்குல மார்புச் சுற்றளவில் நூற்றுக்கு மூன்று என்றால் ஓர் அங்குலத்துக்கு மேல். அந்த ரவிக்கையை யார் போட்டுக்கொள்வது?" நாங்கள் சிரித்தோம். ஆனால் பிறகு யோசித்தபோது, தையல் வகுப்பில் நாம் பிரவுன் பேப்பரில் வெட்டிக்கொள்ளும் மாதிரித் தாளும் இந்தப் பெட்டித் தாளும் ஒரு தாய் மக்களே என்பது புரிந்தது.

அந்தத் தாய் யார் என்று தேடினோம். பெட்டியைப் பிரித்துத் தரையில் தட்டையாக விரித்தால் கிடைக்கும் உருவத்தை விரிவுப்படம் என்பார்கள். கணித வகுப்பில் கனசதுரத்திற்கு வரைந்திருப்பீர்கள். இத்தகைய விரிவுப்படங்களை அச்சில் ஏற்றித் தந்த முன்னோடி, ஜெர்மனியின் பெரும் ஓவியரான ஆல்பிரெக்ட் டியூரர். 1525-ஆம் ஆண்டு நியூரம்பர்க் நகரில் அவர் வெளியிட்ட அளவியல் நூலில், கோலும் கவராயமும் கொண்டு உருவங்களை வரையும் முறையைக் கைவினைஞர்களுக்காக எழுதினார். அதில் கன உருவங்களைப் பிரித்து விரித்துக் காட்டியிருக்கிறார். அட்டையில் வரைந்து மடித்தால் அந்த உருவம் எழுந்து நிற்கும். ஓவியர் என்று மட்டுமே நாம் அறிந்திருந்தவர் பெட்டி மடிக்கவும் வழி சொல்லியிருக்கிறார்!

துணிக்கு வந்தால், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் இருந்தார். அவர் காலத்தில் விற்ற மாதிரித் தாள்கள் ஒரே அளவில்தான் இருக்கும். வாங்குபவர்கள் தம் உடல் அளவுக்குத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். தம் குழந்தைக்குச் சட்டை வெட்ட உட்கார்ந்த பட்டரிக்கின் மனைவி, அந்தந்த வயதுக்கு ஏற்ற அளவிலேயே தாள் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்றாராம். 1863-இல் பட்டரிக் பல அளவுகளில் மாதிரித் தாள்களை விற்கத் தொடங்கினார். மெல்லிய தாளாகையால் மடித்து உறையில் போட்டுத் தபாலில் அனுப்ப முடிந்தது. தையற்காரர் வீட்டுக் கதவு எட்டாத சிற்றூர்ப் பெண்களும் அளவான உடை தைக்க முடிந்ததற்கு அந்த உறைதான் காரணம். தொலைவில் இருக்கும் ஒருவரின் கைத்திறன் தாளில் ஏறி நம் மேசைக்கு வந்து சேர்கிறது. ஆனால் வழியில் அதன் அளவு குறைந்தால் அத்தனையும் வீண்.

ஏ4 அளவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரு தாளைப் பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாதிருக்க வேண்டுமானால், நீளம் அகலத்தைப் போல் இரண்டின் வர்க்கமூலம் மடங்கு இருக்க வேண்டும். இதை 1786-இல் லிக்டன்பர்க் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் ஒரு கடிதத்தில் எழுதினார். 1922-இல் ஜெர்மனி அதையே தன் தர அளவாக ஏற்றது. பிறகு உலகின் பெரும்பகுதி ஏற்றுக்கொண்டது. ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4, அதாவது பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் பதினாறில் ஒன்று ஐந்து கிராம். நாங்கள் தொடக்கத்தில் சொன்ன கணக்கு இதுதான்.

சரி, பெட்டிக்கு வருவோம். 'உண்மை அளவு' என்ற கட்டளையைக் கொடுத்து, விளிம்பில் எதுவும் வெட்டுப்படாமல் படத்தைத் தாளின் நடுவில் நகர்த்தி, மறுபடி அச்சிட்டோம். இம்முறை ஒரு தாளை மட்டும் அச்சிட்டு, அளந்து, ஒரு பெட்டி மடித்து, சோப்பை வைத்துப் பார்த்த பிறகே மற்றவை. சோப்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. கைதட்டினோம். மீண்டும் அறுபது.

முதியோர் இல்லத்தில் நடந்ததைச் சொல்ல எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. பாட்டுப் பாடி, பரிசுகளைக் கொடுத்து முடித்தோம். ஒரு பாட்டி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வாத நோயால் அவர்கள் விரல் முட்டுகள் வீங்கி வளைந்திருந்தன. மூடியின் நாக்கு உள்ளே இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தது. நகத்தால் நெம்பினார்கள், முடியவில்லை. மறுபக்கம் முயன்றார்கள், அதுவும் முடியவில்லை. பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்து, "ரொம்ப அழகா இருக்கும்மா, அப்புறம் பிரிச்சுக்கிறேன்" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். வேறு சிலரும் பக்கத்தில் இருந்த பணிப்பெண்ணிடம் பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

பேருந்தில் திரும்பும்போது யாரும் அதிகம் பேசவில்லை. மி.மீ. கணக்கில் இம்முறை ஒரு பிழையும் இல்லை. ஆயினும் பெட்டி திறக்கவில்லை. தாள் சொன்னதை எல்லாம் சரியாகச் செய்தோம். அதை யார் திறப்பார்கள் என்று தாளும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கேட்கும் தாள்களும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதன் வரலாறு பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் அறியத்தக்கது. முன்பெல்லாம் அங்கே பல பள்ளிகளில் பையன்களுக்கு மரவேலையும் உலோகவேலையும், பெண்களுக்குத் தையலும் சமையலும் என்று வகுத்து வைத்திருந்தார்கள். பட்டறைக்குப் பெண்கள் போவதில்லை, சமையலறைக்குப் பையன்கள் வருவதில்லை. 1975-இல் வந்த ஒரு சட்டம், ஆணா பெண்ணா என்று பார்த்துப் பாடத்தை மறுப்பது கூடாது என்றது. 1988-இல் வந்த கல்விச் சட்டத்தின்படி அமைந்த தேசியப் பாடத்திட்டத்தில், 1990 முதல் படிப்படியாக, இருபாலர்க்கும் இந்தப் புதிய பாடம் கட்டாயமாயிற்று. மரம், உலோகம், துணி, உணவு, மின்சுற்று எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. பிற்பாடு 2004-இலிருந்து பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர்க்கு அது விருப்பப் பாடமாகிவிட்டது. அதற்குக் கீழே உள்ள வகுப்புகளில் பாடத்திட்டத்தில் அதன் இடம் நீடிக்கிறது.

ஆசிரியர்களின் பாட்டை எண்ணிப் பாருங்கள். ஆயுள் முழுவதும் இழைப்புளி பிடித்தவர் துணியைப் பற்றியும், அடுப்படிப் பாடம் எடுத்தவர் மின்சுற்றைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்தது. ஒருவர் தயாரித்த தாளை இன்னொருவர் வாங்கி அச்சிட்டுக்கொள்ளும் வழக்கம் அந்நிலையில் பெரிதும் கைகொடுத்தது. அதற்கு முன்பே படியெடுக்கும் வழக்கம் இருந்தது. 1881-இல் லண்டனில் டேவிட் கெஸ்டட்னர் காப்புரிமை பெற்ற சைக்ளோஸ்டைல் முறை உலகெங்கும் பள்ளிகளுக்குப் போயிற்று. மெழுகுத் தாளில் தட்டச்சு செய்து, உருளையில் மாட்டி, மைபடக் கைகளால் சுழற்றியெடுத்த வினாத்தாள்களை நம் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த இங்கிலாந்துத் தாள்களில் சில, எங்கள் பெட்டித் தாளைப் போல எல்லாவற்றையும் தாமே சொல்லிவிடுபவை. வெட்டு, மடி, ஒட்டு, அவ்வளவே. வேறு சில தாள்கள் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். மேலே சில கேள்விகள். இது யாருக்கு? அவருடைய கை, கண், வீடு எப்படிப்பட்டவை? இப்போது என்ன தொல்லைப்படுகிறார்? செய்து முடித்த பின் அது பயன்படுகிறது என்பதை எப்படிச் சோதிப்பாய்? கீழே வரைவதற்கு இடம். முதலில் பார்த்தபோது, ஒன்றுமில்லாத இந்தத் தாளை எதற்கு அச்சிட வேண்டும் என்று கேட்டோம். பாட்டியைப் பார்த்த பின் அப்படிக் கேட்கவில்லை. அந்தத் தாள்களும் குறையற்றவை என்று சொல்வதற்கில்லை. மதிப்பெண்ணுக்காகக் கட்டுக் கட்டாகப் பக்கங்களை நிரப்பி, பொருளைச் செய்ய நேரமில்லாமல் போகிறது என்ற குறை அந்நாட்டிலும் எழுந்தது. நம் ரெக்கார்டு நோட்டுகளை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

வரையும் இடத்தில் பெரும்பாலும் வெளிர் நிறத்தில் முக்கோணக் கட்டங்கள் அச்சிட்டிருக்கும். இதை ஐசோமெட்ரிக் தாள் என்பார்கள். ஒரு பொருளின் முகப்பு, பக்கம், மேற்புறம் மூன்றையும் ஒரே படத்தில் காட்டலாம். மூன்று திசைகளிலும் ஸ்கேலை வைத்து ஒரே அளவில் அளக்கவும் செய்யலாம். சாதாரணச் சித்திரத்தில் தொலைவில் உள்ளது சிறுத்துப் போகும், இதில் சிறுக்காது.

இந்த முறை ஒரு வகுப்பறைத் தேவைக்காகப் பிறந்தது என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபாரிஷ் என்ற பேராசிரியர் தொழிற்சாலைப் பொறிகளைப் பற்றி விரிவுரை செய்துவந்தார். அத்தனை பொறிகளின் மாதிரிகளையும் வைத்துக்கொள்ள இடம் ஏது? சக்கரம், அச்சு, சட்டம், பட்டை எனப் பொதுவான உறுப்புகளைச் செய்து வைத்துக்கொண்டார். ஒரு வகுப்புக்கு ஒரு பொறியாகப் பூட்டுவது, முடிந்ததும் கழற்றி அடுத்த வகுப்புக்கு வேறொன்றாகப் பூட்டுவது. பூட்டும் வேலை உதவியாளர்களுடையது. எந்த உறுப்பு எங்கே வர வேண்டும் என்று அவர்களுக்கு ஐயமின்றிக் காட்ட ஒரு படம் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு உகந்த முறையை அவர் 1822-இல் கட்டுரையாக வெளியிட்டார். பொறியியல் கல்லூரிகளில் இன்றும் மாணவர்கள் கை வலிக்க வரையும் ஐசோமெட்ரிக் படத்தின் பூர்வோத்தரம் இதுதான். எங்கள் அக்காமார் சிலர் இதைப் படித்துவிட்டு அவரை மன்னிக்க மறுக்கிறார்கள்!

நாங்களும் அந்தக் கட்டத் தாளை அச்சிட்டு உட்கார்ந்தோம். பாட்டியின் விரலை மனத்தில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பெட்டி வரைந்தோம். ஒருத்தி ரிப்பன் வைத்தாள். அழகுதான், ஆனால் முடிச்சை அவிழ்ப்பது மூடியை நெம்புவதைவிடக் கடினம். ஒருத்தி மூடியே இல்லாமல் வரைந்தாள், சோப்பு கீழே விழுந்தது. கடைசியில் நின்றது மிக எளிய ஒன்று. பெட்டியின் முன்புற விளிம்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் அரை நிலா வெட்டு, மூடியின் நாக்கில் கொஞ்சம் குறைவு. கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் மூடி தானே மேலெழும். சோதிப்பதற்கு, இரண்டு கைகளிலும் தடித்த துவாலையைச் சுற்றிக்கொண்டு திறந்து பார்த்தோம். முதல் வெட்டு போதவில்லை, விட்டம் 20 மி.மீ.இலிருந்து 26-ஆக உயர்ந்தது.

செய்து பார்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். சாதாரண 80 கிராம் தாள் பெட்டிக்குத் தாங்காது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டையில் அச்சுத்தாளை ஒட்டிக்கொண்டால் செலவில்லை. வெட்டுவதற்கு முன்பே மடிக்கும் கோடுகளின் மேல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி இழுக்க வேண்டும். இதைச் செய்யாமல் மடித்தால் கோடு கோணிக்கொண்டு போகும். அட்டைக்கு ஒரு 'நார் ஓட்டம்' உண்டு. லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். நீளமான மடிப்புகள் எளிதாக வளையும் திசையில் அமைந்தால் விளிம்பு வெடிக்காது. முழுக்கோடு வெட்டுவதற்கு, விட்டு விட்டுப் போட்ட கோடு மடிப்பதற்கு. இதைச் சின்ன வகுப்புத் தங்கைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு உதவ வந்த ஒரு ஆறாம் வகுப்புத் தங்கை மடிக்க வேண்டியதை எல்லாம் வெட்டி, ஒரு பெட்டியை ஆறு தனித் துண்டுகளாகத் தந்தாள்.

இப்போது நாங்கள் வரைந்த தாள் ஒன்று கைத்தொழில் அறைச் சுவரில் தொங்குகிறது. அதன் இடது மூலையில் சரியாகப் பத்து செ.மீ. நீளமுள்ள கோடு ஒன்று இருக்கிறது. 'என்னை முதலில் அளந்து பார்' என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அந்தக் கோடு ஒன்பதே முக்காலாக வந்தால், மேற்கொண்டு ஒன்றையும் வெட்ட வேண்டாம். ஈஸ்டருக்கு மறுபடி அந்த இல்லத்துக்குப் போனபோது புதிய பெட்டிகளைக் கொண்டுபோனோம். பாட்டி கட்டைவிரலை அரை நிலாவில் வைத்துத் திறந்து, சோப்பை முகர்ந்து பார்த்து, மறுபடி மூடி, மறுபடி திறந்தார்கள். பழைய பெட்டி தலையணைக்கு அடியிலேயே இருந்தது, பிரிக்கப்படாமல்.

சோப்பு நுழையாத அந்த முதல் அறுபது பெட்டிகளைத் தையல் டீச்சர் வாங்கிக்கொண்டார்கள். பொத்தான்களும் கொக்கிகளும் இப்போது அவற்றில்தான் இருக்கின்றன.